வீட்டு நாஸ் பெட்டிக்கு ஃபைல் மெதுவாக ஏறுகிறதா? வேகம் நிற்கும் எண்ணைப் பாருங்கள்

வீட்டு நாஸ், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல் போட்டு வைக்கும் டிஸ்க் பெட்டி, மெதுவாக இருக்கிறது என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: காப்பி ஆகும்போது நொடிக்கு எத்தனை எம்பி காட்டுகிறது? "ரொம்ப ஸ்லோ" என்ற பதிலை வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது. 11-இல் நின்றால் ஒரு கோளாறு, 35-இல் நின்றால் வேறு கோளாறு, 110-இல் கிளம்பி 15-க்குச் சரிந்தால் அது இன்னொன்று. எண் தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அதைப் பார்க்காமல் புது ரவுட்டர், புது டிஸ்க் என்று காசைக் கொட்டிய வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் பெரும்பாலும் பழுதாக இருந்தது இருநூறு ரூபாய் கேபிள். அந்தச் செலவை யாராவது ஒருவராவது தவிர்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

## எதையும் கழற்றும் முன் செய்ய வேண்டிய சோதனை

5 ஜிபிக்குக் குறையாத ஒரே ஒரு ஃபைலை எடுங்கள். சினிமா, வீடியோ, எதுவானாலும் சரி. போட்டோ ஃபோல்டர் வேண்டாம், அதன் கதை வேறு, பின்னால் வருகிறது. லேப்டாப்பை கேபிள் வழியாக ரவுட்டரில் இணைத்துவிட்டு அந்த ஃபைலை நாஸுக்குப் போடுங்கள். அரை நிமிடத்தில் என்ன வேகம், மூன்று நிமிடத்தில் என்ன வேகம் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் காப்பி ஜன்னலை விரித்தால் பச்சை வரைபடமே வரும். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் நெட்வொர்க் பக்கத்தில் பார்க்கலாம்.

அப்புறம் எதிர்த் திசையில், நாஸிலிருந்து லேப்டாப்புக்கு. இதற்கு என்றைக்கோ போட்டு வைத்த வேறு ஒரு பெரிய ஃபைலை எடுங்கள். இப்போது போட்ட ஃபைல் நாஸின் ரேமிலிருந்தே வந்து பொய்யான வேகத்தைக் காட்டக்கூடும்.

எவ்வளவு வந்தால் சரி? லேன் வேகத்தை எம்பிபிஎஸ்ஸில், அதாவது பிட்டில் சொல்வார்கள். காப்பி ஜன்னல் பைட்டில் காட்டும். எட்டால் வகுத்துக்கொள்ள வேண்டும். 1000 எம்பிபிஎஸ் கிகாபிட் இணைப்பில் கையில் கிடைப்பது 110 எம்பி அளவு. 2.5 கிகாபிட்டில் 280 பக்கம் வரும். கிகாபிட் வீட்டில் உங்களுக்கு 110 வந்தால் எந்தக் கோளாறும் இல்லை, நிம்மதியாகப் போய் வேறு வேலை பாருங்கள்.

கம்ப்யூட்டர் பழக்கம் உள்ளவர்கள் இன்னொன்றும் செய்யலாம். ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவியை இரண்டு பக்கமும் ஓட்டினால் டிஸ்க்கைத் தொடாமல் வெறும் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். அதில் 930, 940 எம்பிபிஎஸ் வந்தால் கேபிள், போர்ட் (கேபிள் செருகும் ஓட்டை), ஸ்விட்ச் (பல லேன் கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் சின்னப் பெட்டி) எல்லாம் நல்லபடியாக இருக்கின்றன. அப்போது டிஸ்க், பிராசசர், செட்டிங் பக்கம் போகலாம். 94 பக்கம் நின்றால் நேராக அடுத்த தலைப்புக்கு வாருங்கள்.

டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, நாஸ் சிவப்பு விளக்கு காட்டினாலோ இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

## வேகம் 11, 12 எம்பியில் நிற்கிறது, ஆடுவதே இல்லை

நான் அதிகம் சந்தித்த கோளாறு இதுதான். வரைபடம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் 11.3, 11.5 என்று போய்க்கொண்டே இருக்கும். இதைப் பார்த்ததும் டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டாம். லேப்டாப்புக்கும் நாஸுக்கும் நடுவில் எங்கோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கியிருக்கிறது. எந்த இணைப்பு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

லேப்டாப் பக்கம்: விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க், ஈதர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீடு என்ற வரி இருக்கும். 1000/1000 என்றால் நல்லது, 100/100 என்றால் கோளாறு இந்தப் பக்கம். நாஸ் பக்கம்: அதன் கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் பக்கத்தில் இதே தகவல் இருக்கும். இரண்டு பக்கமும் 1000 காட்டினால் நடுவில் உள்ள ஸ்விட்சையோ, இரண்டு ரவுட்டர்களை இணைக்கும் கேபிளையோ பாருங்கள்.

### கேபிள்

முதல் சந்தேகம் எப்போதும் கேபிள்மேல்தான். 100 எம்பிபிஎஸ்ஸுக்குக் கேபிளுக்குள் உள்ள எட்டுக் கம்பிகளில் நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதனால் மற்ற நான்கில் ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு செத்துப்போகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். யூடியூப் ஓடும், வாட்ஸாப் ஓடும், யாருக்கும் சந்தேகமே வராது. பெரிய காப்பி போடும் அன்றுதான் மாட்டும்.

நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த வேறு கேபிளை மாற்றிப் போட்டு லிங்க் ஸ்பீடை மறுபடி பாருங்கள். இல்லையென்றால் பிளக்கைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். அது கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக், உள்ளே தெரியும். எட்டு நிறங்களும் இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நம் ஊரில் இணைப்புக் கொடுக்க வரும் பையன்கள் சிலர் ஆரஞ்சையும் பச்சையையும் மட்டும் செருகி, நீலத்தையும் பழுப்பையும் வெட்டி விட்டுவிடுவார்கள். மிச்ச நான்கு கம்பியை சிசிடிவி கேமராவுக்கு இழுத்த வீடும் உண்டு. இன்டர்நெட்டுக்கு அது போதும், நாஸுக்குப் போதாது.

நிறம் எல்லாம் சரி, ஆனாலும் 100தான் என்றால் கம்பியின் தரத்தைப் பாருங்கள். விலை மலிவாகக் கிடைக்கும் சுருள்களில் பல, அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிய செம்புப் பூச்சு போட்டவை. சென்னை ரிச்சி தெருவில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும், கேட்டு வாங்காவிட்டால் மலிவானதுதான் கைக்கு வரும். மீந்த துண்டு ஒன்றை எடுத்து பிளேடால் கம்பியைச் சுரண்டுங்கள். அடிவரை சிவந்த நிறம் இருந்தால் முழுச் செம்பு. ஒரே சுரண்டலில் வெள்ளி நிறம் எட்டிப் பார்த்தால் அலுமினியம். அலுமினியக் கம்பி வளைவுகளில் விண்டுபோகும், பிளக்குக்குள் போகப்போகத் தொடர்பும் கெடும். கேபிளின் மேலே கேட் 5இ அல்லது கேட் 6 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். அலுமினியச் சுருளிலும் அதே அச்சு இருக்கும்.

### போர்ட்

கேபிள் சுத்தம் என்றால் அடுத்தது இது. இன்டர்நெட் நிறுவனங்கள் கொடுக்கும் ஃபைபர் பெட்டிகள் பலவற்றில் நான்கு லேன் ஓட்டைகளில் ஒன்று மட்டும் கிகாபிட், மற்றவை 100. பின்பக்கம் ஜிஇ, எஃப்இ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஜிஇ என்பது கிகாபிட். சில பெட்டிகளில் ஒன்றுகூட கிகாபிட் இல்லை.

இதற்காக ரவுட்டரை மாற்ற வேண்டாம். ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். லேப்டாப்பையும் நாஸையும் அதில் செருகுங்கள். ஸ்விட்சிலிருந்து ஒரு கேபிள் ரவுட்டருக்குப் போகட்டும். லேப்டாப்புக்கும் நாஸுக்கும் நடுவில் ஓடும் ஃபைல்கள் ஸ்விட்சுக்குள்ளேயே திரும்பிவிடும், ரவுட்டர் பக்கமே போகாது. அந்தப் பக்கம் 100 இருந்தாலும் கவலை இல்லை. செய்யும் செலவுக்கு இவ்வளவு பலன் தரும் பொருள் இந்த விஷயத்தில் வேறு கிடையாது என்பது என் எண்ணம்.

### மற்றவை

மெல்லிய லேப்டாப்களுக்கு வாங்கும் யூஎஸ்பி-லேன் அடாப்டர்களில் மலிவானவை 100 எம்பிபிஎஸ் மட்டுமே. ராஸ்பெரி பை என்ற கையளவு கம்ப்யூட்டரின் பழைய 3பி மாடலை நாஸாக வைத்திருந்தால் அதன் போர்ட்டே 100தான்; மேலே போகாது. யாராவது எப்போதோ நெட்வொர்க் கார்டின் ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ் செட்டிங்கை 100 என்று கட்டி வைத்திருக்கலாம், ஆட்டோவுக்கு மாற்றுங்கள்.

இடி மின்னலுக்குப் பிறகு இந்தக் கோளாறு வந்தால் போர்ட் பாதி செத்திருக்க வாய்ப்பு அதிகம். அதே கேபிளை வேறு ஓட்டையில் செருகிப் பாருங்கள். ரவுட்டரின் ஒரு போர்ட் போயிருந்தால் மற்றதில் ஓட்டலாம். நாஸின் ஒரே போர்ட் போயிருந்தால் சர்வீஸ் சென்டர்தான்.

### எப்போது ஆளைக் கூப்பிடுவது

கேபிள் சுவருக்குள் பைப்பில் போகிறது, மாற்றிச் செருகிப் பார்க்க வழியில்லை என்றால் கூப்பிடுங்கள். வருகிறவரிடம் முதலில் இரண்டு முனையையும் வெட்டிவிட்டுப் புதிதாக கிரிம்ப் செய்ய, அதாவது புது பிளக் போட்டு அழுத்தச் சொல்லுங்கள். பல நேரம் அதோடு முடிந்துவிடும். எட்டுக் கம்பியும் போட வேண்டும், டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிவதைக் காட்ட வேண்டும் என்று வேலைக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். அப்படியும் வராவிட்டால் முழுச் செம்பு கேட் 6 புதிதாக இழுக்க வேண்டும். கரண்ட் ஒயர் போகும் அதே பைப்பில் இழுக்க விடாதீர்கள்.

## 30, 40 எம்பியில் நிற்கிறது

நெட்வொர்க் கிகாபிட்தான், ஆனாலும் 35-ஐத் தாண்டவில்லை. பெரும்பாலும் நடுவில் எங்கோ யூஎஸ்பி 2.0 இருக்கிறது. அதன் நிஜ வேகமே 30 முதல் 40தான். நாஸிலோ ராஸ்பெரி பையிலோ வெளி டிஸ்க் தொங்கினால் அது நீல நிற யூஎஸ்பி போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். போர்ட் நீலமாக இருந்து கேபிள் பழையதாக இருந்தாலும் இதே கதைதான். ராஸ்பெரி பை 3பி பிளஸ்ஸில் லேன் போர்ட்டே உள்ளுக்குள் யூஎஸ்பி 2.0 வழியாகத்தான் ஓடுகிறது. எதை மாற்றினாலும் 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வராது. 2019-இல் வந்த பை 4-இலிருந்து அந்தத் தடை இல்லை.

ராஸ்பெரி பையில் செருகிய டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருந்தால் அதுவும் ஒரு காரணம். காப்பி ஓடும்போது டாப் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். மவுன்ட் டாட் என்டிஎஃப்எஸ் என்று ஒரு வேலை பிராசசரைத் தின்றுகொண்டிருந்தால் டிஸ்க்கை லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபார்மட்டுக்கு மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு. மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

கடையில் வாங்கிய பழைய நாஸ் என்றால் காப்பி ஓடும்போது அதன் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறங்கள். பிராசசர் 90, 100 சதவீதத்தில் இருக்கிறதா? அப்படியானால் கேள்வி அது என்ன வேலை செய்கிறது என்பது. ஷேர்டு ஃபோல்டர் என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கலாம். விண்டோஸ் ஃபைல் பகிரப் பயன்படுத்தும் எஸ்எம்பி முறைக்குப் பதில், எல்லாவற்றையும் ரகசியக் குறியீடாக்கி அனுப்பும் எஸ்எஃப்டிபி வழியாகப் போட்டுக்கொண்டிருக்கலாம். இல்லையென்றால் லேப்டாப்பை விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாற்றிய பிறகு இது தொடங்கியிருக்கலாம். அந்தப் பதிப்பின் ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகள் எஸ்எம்பி சைனிங்கைக் கட்டாயமாகக் கேட்கும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கையெழுத்துப் போட்டுச் சரிபார்க்க வேண்டியிருப்பதால் வலுவில்லாத பிராசசர் திணறும். சைனிங்கை அணைத்துவிடுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அது பாதுகாப்புக்காக வைத்தது. நாஸின் மென்பொருளை அப்டேட் செய்து பார்த்து, பிராசசர்தான் காரணம் என்று கண்ணால் கண்ட பிறகு மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

ரவுட்டரின் முதுகில் பென் டிரைவையோ டிஸ்க்கையோ செருகி நாஸ்போல் ஓட்டுகிறவர்கள் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம். அந்தப் பிராசசரால் முடிந்தது அவ்வளவுதான்.

## வைஃபையில் மட்டும் மெதுவாக இருக்கிறது

கேபிளில் 110 வந்து வைஃபையில் 4, 5 வந்தால் லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸில் தொங்குகிறது. ரவுட்டரில் 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டு 5-இல் இணையுங்கள். அதே அறையில் இருந்தால் சாதாரண வைஃபை 5 லேப்டாப்புக்கு 50, 60 எம்பி கிடைக்க வேண்டும். ஒரு கான்கிரீட் சுவர் நடுவில் வந்தாலே பாதியாகும்.

நாஸ் கேபிளில்தான் இருக்க வேண்டும். நாஸும் வைஃபை, லேப்டாப்பும் வைஃபை என்றால் ஒவ்வொரு பைட்டும் காற்றில் இரண்டு தடவை போகிறது. ரிப்பீட்டர் வழியாக இணைந்தாலும் அப்படித்தான். இன்னொன்று, லேப்டாப்பில் யூஎஸ்பி 3.0 டிஸ்க் செருகியிருக்கும்போது 2.4 வைஃபை தொய்ந்துபோகும். யூஎஸ்பி 3.0-இன் மின் இரைச்சல் அதே அலைவரிசையில் விழுவதாக இன்டெல் 2012-லேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. முதல் தடவை மொத்த பேக்கப்பையும் கேபிளில் முடித்துவிடுங்கள். தினசரி ஏறும் புதுப் படங்களுக்கு வைஃபை போதும்.

## வீட்டில்தான் இருக்கிறேன், ஆனால் வேகம் இன்டர்நெட் பிளான் அளவுதான் வருகிறது

ஒரு சோதனை போதும். ரவுட்டருக்கு வரும் இன்டர்நெட் கேபிளைக் கழற்றுங்கள். நாஸ் அப்படியே திறக்கிறதா? திறக்கவில்லை என்றால் உங்கள் ஃபைல்கள் வீட்டை விட்டு வெளியே போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகின்றன. வெளியூரிலிருந்து பார்க்க வைத்த குவிக்கனெக்ட் போன்ற இணைப்பைப் புக்மார்க் செய்து வீட்டிலும் அதையே திறப்பவர்கள் அதிகம். ஆபீஸ் விபிஎன் ஆன் ஆகியிருந்தாலும் இப்படி ஆகலாம். விபிஎன்னை நிறுத்திவிட்டு, 192.168 என்று தொடங்கும் நாஸின் வீட்டு முகவரியை நேரடியாக அடித்துத் திறங்கள்.

## பெரிய ஃபைல் பறக்கிறது, போட்டோ ஃபோல்டர் நகரவே இல்லை

இது கோளாறு இல்லை. ஒரு ஃபைலைத் திறந்து, பெயர் எழுதி, தேதி எழுதி, மூடுவதற்குள் லேப்டாப்பும் நாஸும் பல தடவை பேசிக்கொள்கின்றன. வாட்ஸாப்பில் வந்த நாற்பதாயிரம் படங்களுக்கும் ஒவ்வொன்றாக இந்தப் பேச்சு நடக்க வேண்டும். 110 எம்பி வரும் வீட்டிலேயே இதில் 2, 3 எம்பிதான் காட்டும்.

செய்யக்கூடியது: ஃபோல்டரை ஜிப் செய்து ஒரே ஃபைலாகப் போட்டுவிட்டு நாஸின் பக்கத்தில் விரியுங்கள். படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, ஆகவே ஜிப் செய்யும்போது சுருக்காமல் சும்மா கட்டும் ஸ்டோர் முறையைத் தேர்ந்தெடுத்தால் நேரம் மிச்சம். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற காப்பிக் கட்டளைக்கு, ஒரே நேரத்தில் பல இழைகளில் ஓட்டும் எம்டி என்ற தெரிவு உண்டு, அதில் எண் கொடுக்காவிட்டால் 8 இழை. மேக், லினக்ஸ் என்றால் ஆர்சிங்க் என்ற கட்டளை. அடுத்த தடவை புதியவற்றை மட்டும் அனுப்பும் என்பது அதன் பெரிய நன்மை.

இவ்வளவுக்கும் நகரவில்லை என்றால் ஆன்டிவைரஸ் ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்க்கிறதா என்று கவனியுங்கள். நாஸில் போட்டோ ஆப் வைத்திருந்தால் படம் வந்து விழுந்ததுமே சின்னப் படம் தயாரிக்கவும் முகம் தேடவும் தொடங்கிவிடும். காப்பி முடியும்வரை அதை நிறுத்தி வையுங்கள்.

## தொடக்கத்தில் 110, சிறிது நேரத்தில் 15

முதலில் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். பென் டிரைவ், கேமராவின் கார்டு, பழைய வெளி டிஸ்க் என்றால் மூச்சு வாங்குவது அதுவாக இருக்கலாம். லேப்டாப்பின் சொந்த எஸ்எஸ்டியிலிருந்து போட்டும் சரிந்தால் அப்புறம் நாஸைப் பார்க்கலாம்.

டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது? 90 சதவீதத்தைத் தாண்டினால் பல பெட்டிகள் தள்ளாடும். டிஸ்க்கை இசட்எஃப்எஸ் ஃபார்மட்டில் வைத்திருப்பவர்கள் 80-க்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. நிரம்பாத டிஸ்க்கிலும் இதே சரிவு என்றால் அது எஸ்எம்ஆர் வகையா என்று பார்க்க வேண்டும்.

எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு அடுக்கியதுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றை மாற்ற அடுத்தவற்றையும் எடுத்து எழுத வேண்டும். அதை மறைக்க டிஸ்க்குக்குள் ஒரு சின்ன இடைக்கிடங்கு இருக்கும். அது நிரம்பும்வரை முழு வேகம், நிரம்பியதும் விழும், சில நேரம் பூஜ்யத்தையே தொட்டுவிட்டு எழும். நாஸுக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையிலும் 2 முதல் 6 டெராபைட் வரையான சில மாடல்கள் இந்த வகைதான் என்பது 2020 ஏப்ரலில் வெளியே வந்தது. வாங்கியவர்களிடம் அதுவரை அதைச் சொல்லவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அதே ஆண்டு சாதாரண வகையை ரெட் பிளஸ் என்று தனியாகப் பெயரிட்டுப் பிரித்தார்கள். பழைய ரெட் டிஸ்க்கின் மாடல் எண்ணில் இஎஃப்ஏஎக்ஸ் என்று இருந்து கொள்ளளவு 2 முதல் 6-க்குள் என்றால் எஸ்எம்ஆர். இஎஃப்ஆர்எக்ஸ் என்றால் இல்லை. சீகேட்டில் அயன்வூல்ஃப் வரிசை முழுக்க சாதாரண வகை. டெஸ்க்டாப்புக்கான பாராகுடாவில் பல எஸ்எம்ஆர். கையடக்க வெளி டிஸ்க்குகளிலும் எஸ்எம்ஆர் மிகச் சாதாரணம். மாடல் எண்ணை நாஸின் ஸ்டோரேஜ் பக்கத்தில் பார்த்து உற்பத்தியாளரின் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

எஸ்எம்ஆர் என்று தெரிந்ததும் தூக்கிப் போட வேண்டாம். இரவில் தானாக ஓடும் பேக்கப்புக்கு ஒற்றை டிஸ்க்காக இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுபோல் ஓட்டும் ரெய்டில் இருந்தால் மட்டும் மாற்றுங்கள். ஒரு டிஸ்க் போய், புது டிஸ்க்கில் தகவலைத் திரும்ப நிரப்பும் ரீபில்ட் ஓடும்போது எஸ்எம்ஆர் நாட்கணக்கில் இழுக்கும், அந்த நாட்களில் இன்னொன்று போனால் எல்லாம் போய்விடக்கூடும்.

எஸ்எஸ்டி வைத்தவர்களுக்கு: விலை குறைந்த கியூஎல்சி வகையும் இப்படிச் சரியும். சூட்டினாலும் சரியும். மூடிய அலமாரிக்குள் மே மாதத்தில் நாஸை வைத்தால் சின்ன எம்.2 எஸ்எஸ்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கதவைத் திறந்து வைத்து, ஃபேன் காற்று படும்படி ஒரு தடவை சோதியுங்கள்.

## ஃபோல்டர் திறக்கிறது, பெயர் தெரிகிறது, காப்பி போட்டால் தொங்கி நிற்கிறது

யாராவது ஜம்போ ஃப்ரேமை, அதாவது தகவலை வழக்கத்தைவிடப் பெரிய பொட்டலங்களாக அனுப்பும் செட்டிங்கை, ஆன் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். லேப்டாப், ஸ்விட்ச், நாஸ் மூன்றும் ஒரே அளவில் இல்லாவிட்டால் சின்னப் பொட்டலங்கள் போகும், பெரியவை வழியில் விழும். எல்லாவற்றிலும் எம்டியூ என்ற பொட்டல அளவை 1500-க்குத் திருப்பிவிடுங்கள். வீட்டு கிகாபிட்டில் ஜம்போவால் கிடைப்பது மிகச் சொற்பம், இந்தத் தலைவலிக்கு அது ஈடாகாது.

## நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று திடீரென்று

கரண்ட் போய் வந்ததா? ரெய்டு போட்ட பெட்டி முறையாக அணையாமல் நின்றுபோனால் மறுபடி எழுந்ததும் எல்லா டிஸ்க்கையும் சரிபார்க்க ஆரம்பிக்கும். பெரிய டிஸ்க் என்றால் ஒரு நாள்கூட ஆகும். ஸ்டோரேஜ் மேனேஜரில் சதவீதத்தோடு காட்டும், முடியும்வரை பொறுங்கள். மாதம் ஒரு தடவை தானாக ஓடும் டேட்டா ஸ்க்ரப்பிங்கும் அப்படியே. இதை ஆண்டுக்குப் பல தடவை அனுபவிக்கும் வீடு என்றால் நாஸுக்கு ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கிவிடுங்கள். அதன் யூஎஸ்பி கேபிளையும் நாஸில் செருக வேண்டும், அப்போதுதான் பேட்டரி தீரும் முன் பெட்டி தானே ஒழுங்காக அணையும்.

பின்னணி வேலை எதுவும் ஓடவில்லை என்றால் டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கலாம். இதில் வேகம் ஒரே சீராகக் குறையாது. நன்றாக ஓடும், திடீரென்று சில விநாடி பூஜ்யம், மறுபடி ஓடும். படிக்க வராத இடத்தில் டிஸ்க் திரும்பத் திரும்ப முயல்வதால் வருவது அது. ரெய்டில் ஒரு டிஸ்க் இப்படித் திணறினால் மொத்தப் பெட்டியும் அதற்காகக் காத்து நிற்கும்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களை நாஸில் திறந்து நான்கு வரிகளைப் பாருங்கள். கெட்டுப்போன இடங்களை எண்ணும் 5, 197, 198 ஆகிய எண்களின் மூல மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். 5-இல் ஒன்றிரண்டு இருந்து மாதக்கணக்கில் அசையவில்லை என்றால் கண்காணித்தால் போதும். 197 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை இனி நம்ப முடியாது. 199 மட்டும் ஏறினால் டிஸ்க் அல்ல, டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளோ அது உட்காரும் இடமோ. அணைத்துவிட்டு டிஸ்க்கை எடுத்துத் திரும்பச் செருகினாலே சில நேரம் சரியாகிவிடும். ஏறிய எண் இறங்காது, மேலும் ஏறாமல் இருந்தால் போதும்.

டிஸ்க்தான் என்று தெரிந்தால் செய்யும் வரிசை முக்கியம். புதிதாக எதையும் போடாதீர்கள். நீளமான ஸ்மார்ட் சோதனையையும் இப்போது ஓட்டாதீர்கள். முதலில் குடும்பப் படங்கள், பத்திரங்கள், பிள்ளைகளின் வீடியோக்கள், இப்படி வேறெங்கும் இல்லாதவற்றை மட்டும் வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். சினிமாக்கள் கடைசியில். எடுத்து முடித்த பிறகே புது டிஸ்க் மாற்றி ரீபில்ட் கொடுங்கள், ஏனென்றால் ரீபில்ட் மற்ற டிஸ்க்குகளைத்தான் பிழிந்தெடுக்கும். புதியது வாங்கும் முன் சீரியல் எண்ணை உற்பத்தியாளரின் தளத்தில் போட்டு வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். நாஸ் டிஸ்க்குகளுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு வாரண்டி சாதாரணமாகவே உண்டு.

### இங்கே கை வைக்கக் கூடாத இடம்

ஒரே டிஸ்க், வேறு பிரதி இல்லை, டக் டக் என்று சத்தம் வருகிறது என்றால் உடனே கரண்டை நிறுத்துங்கள். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே தட்டு கீறிக்கொண்டிருக்கலாம். டிஸ்க்கைத் திறந்து பார்ப்பது, ஃப்ரிட்ஜில் வைப்பது எதுவும் வேண்டாம். சுத்த அறை வசதி உள்ள டேட்டா ரெக்கவரி இடத்துக்குத்தான் போக வேண்டும், மூலைக் கடையில் கொடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை வேண்டாம். செலவு பல ஆயிரங்களில் போகும். ஆகவே உள்ளே இருப்பது அதற்குத் தகுமா என்று முதலில் வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

ரெய்டில் இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் போனதாகக் காட்டினாலும் நிறுத்துங்கள். பெட்டி இனிஷியலைஸ் செய்யவா, புதிதாக அமைக்கவா என்று கேட்கும். ஒத்துக்கொண்டால் ரெக்கவரி செய்பவர்களின் வேலையும் கடினமாகிவிடும். டிஸ்க்குகளைக் கழற்றும் முன் எது பெட்டியின் எந்த அறையில் இருந்தது என்று 1, 2, 3, 4 எனத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டி, திரையில் தெரியும் பிழைச் செய்தியையும் போட்டோ எடுத்துக்கொண்டு, பெட்டியோடு சேர்த்து அவர்களிடம் கொடுங்கள்.